டேம்பரை மூடிக் காட்டச் சொல்லுங்கள்

கட்டடமும் காற்றும்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் காற்றைக் கொண்டுபோகும் தகட்டுக் குழாயான ஏ.சி. டக்ட் வழியாகப் புகை பரவுவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், தீ வந்தால் டக்டை அடைக்கும் கதவான ஃபயர் டேம்பரைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் அம்பத்தூரில் டக்ட் பட்டறையில் தகடு வெட்டித் தொழில் பழகியவன். பிறகு பெரிய கட்டடங்களில் ஏ.சி. அமைப்புகளைச் சோதித்து ஒப்படைக்கும் வேலைக்கு வந்தேன். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தலையை விட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐயா, எங்கள் மருத்துவமனை ஐந்து மாடி. ஃபயர் ஆடிட்டுக்கு வந்தவர் “டேம்பர் டெஸ்ட் ரெக்கார்டு எங்கே?” என்று கேட்டார். நான் மெயின்டனன்ஸுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. டேம்பர் எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு மேற்பார்வையாளர், மதுரை

கட்டடத்தைத் தீ தாங்கும் சுவர்களால் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஓரிடத்தில் தீப்பிடித்தால் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அது அடுத்த பகுதிக்குத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. ஆனால் ஏ.சி. டக்ட் அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் போகிறது. அந்தத் துளையில், சுவரின் கனத்துக்குள்ளேயே பொருத்தியிருக்கும் இரும்புக் கதவுதான் ஃபயர் டேம்பர். சாதாரண நாளில் திறந்திருக்கும், தீ வந்தால் தானாக மூடிக்கொள்ள வேண்டும்.

பழைய கட்டடங்களில் பெரும்பாலும் திரை வகை இருக்கும். கடையின் ஷட்டர் மாதிரி, மடித்து வைத்த தகடுகள் மேலே ஒரு கட்டாக நிற்கும். அந்தக் கட்டைப் பிடித்திருப்பது ஃபியூசிபிள் லிங்க் என்ற சின்னஞ்சிறு உலோகத் துண்டு. சுமார் 72 டிகிரி செல்சியஸில் அதன் பற்றாசு உருகும், தகடுகள் கீழே விழுந்து வழியை அடைக்கும். புதிய கட்டடங்களில் மோட்டார் வகை அதிகம். பல பிளேடுகள், ஒரு தண்டு, பக்கவாட்டில் அந்தத் தண்டைச் சுழற்றும் ஆக்சுவேட்டர். மின்சாரம் இருக்கும்வரை திறந்து வைத்திருக்கும். மின்சாரம் போனாலோ, தீ எச்சரிக்கை அமைப்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியான ஃபயர் பேனல் துண்டித்தாலோ உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும்.

எங்கே தேடுவது என்பதற்கு 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, நான்காம் பகுதியில், நல்ல வழிகாட்டல் இருக்கிறது. டக்ட் தீத்தடுப்புச் சுவரைக் கடக்கும் இடம், செங்குத்தான ஷாஃப்டுக்குள் நுழையும் இடம், தளத்தைத் துளைத்து மாடி மாறும் இடம், ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு பகுதிக்குள் குளிர்காற்றைக் கொண்டுவரும் சப்ளை டக்டும் அதைத் திரும்ப எடுத்துப்போகும் ரிட்டர்ன் டக்டும் வரும் இடம். ஒவ்வொரு மாடியிலும், காற்றைக் குளிர்வித்து டக்டுக்குள் தள்ளும் இயந்திரமான ஏ.எச்.யு. இருக்கும் அறையிலிருந்து நடக்க ஆரம்பியுங்கள். அறைச் சுவரைத் தாண்டி டக்ட் வெளியே வரும் இடத்தில்தான் முதல் டேம்பர் இருக்கும். கையில் ‘ஆஸ்-பில்ட்’ வரைபடம், அதாவது கட்டி முடித்தபடியே வரைந்த படம், இருந்தால் ஒவ்வொன்றையும் அதில் வட்டமிடுங்கள். வரைபடம் காணாமல் போயிருந்தால் கவலைப்படாதீர்கள், தீயிலிருந்து தப்பிக்கும் வழிகளைக் காட்டும் தளப்படத்தை வைத்துக்கூட சுவர்களைக் கண்டுபிடித்துவிடலாம்.

டேம்பர் இருக்கும் இடத்தில் டக்டில் ஓர் இன்ஸ்பெக்‌ஷன் கதவு இருக்க வேண்டும். நம் ஊரில் முக்கால்வாசி இடங்களில் அந்தக் கதவின் மேலேயே கறுப்பு ரப்பர் இன்சுலேஷனை ஒட்டி மூடியிருப்பார்கள். கையால் அழுத்திக்கொண்டே போனால் கதவின் விளிம்பு தட்டுப்படும். சில இடங்களில் கதவே இருக்காது. டேம்பரைக் கண்டுபிடித்தும் கையை உள்ளே விட வழியில்லை என்றால், அது சோதிக்க முடியாத டேம்பர். அதை ‘சரி’ என்றும் எழுதாதீர்கள், ‘சரியில்லை’ என்றும் எழுதாதீர்கள். ‘எட்டவில்லை’ என்று தனியாக எழுதுங்கள். நிர்வாகம் காசு செலவழித்துக் கதவு போட வேண்டிய இடங்களின் பட்டியல் அதுதான்.

கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுங்கள். டக்டிலும் எழுதுங்கள், கீழே சீலிங்கிலும் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அடுத்த முறை வருகிறவர் மறுபடியும் தேடி அலைய வேண்டாம்.

மருத்துவமனை என்பதால் இன்னொன்று. தொற்றுத் தடுப்புக் குழுவிடம் சொல்லாமல் ஒரு சீலிங் பலகையைக்கூடத் தூக்காதீர்கள். மேலே வருடக்கணக்காகப் படிந்த தூசி ஐ.சி.யு. நோயாளியின் மேல் கொட்டினால் அவருக்கு அதுவே ஆபத்து. பாலித்தீன் திரை கட்டி, வேக்குவம் வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டரின் ஏ.எச்.யு.வை நிறுத்துவதானால் அன்று அறுவை சிகிச்சை எதுவும் இல்லாத நேரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொற்று நோயாளிகளுக்கான எதிர்மறை அழுத்த அறைகளில், அறை காலியாக இருக்கும்போது மட்டும்.

டேம்பர் மூடாததால் உண்மையிலேயே எங்காவது உயிர் போயிருக்கிறதா? ஏட்டில் சொல்கிறார்கள், ஆனால் நம்பும்படி ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள்.
– பொறியியல் மாணவி, திருச்சி

போயிருக்கிறது. 1980 நவம்பர் 21 அன்று காலை, அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டலில் தீப்பிடித்தது. தொடங்கியது கீழ்த்தளத்தில் ஓர் உணவகத்தில், மின்கோளாறால். நெருப்பு சூதாட்டக் கூடத்தைத் தாண்டி மேல் மாடிகளுக்குப் போகவே இல்லை. ஆனால் இறந்த 85 பேரில் பெரும்பாலோர் மேல் மாடிகளில் இருந்தவர்கள். நெருப்பைக் கண்ணால் பார்க்காமலே, புகையை மூச்சில் வாங்கி இறந்தார்கள். லிஃப்ட் ஷாஃப்ட், படிக்கட்டு, கட்டட இணைப்பு இடைவெளி ஆகியவற்றோடு, டேம்பர்கள் சரியாக வேலை செய்யாத ஏ.சி. டக்டும் புகைக்கு வழிவிட்டது என்பது விசாரணையில் வெளிவந்தது.

நம் நாட்டில் 2011 டிசம்பர் 9 அன்று, கொல்கத்தாவின் டாக்குரியாவில் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனை. விடியற்காலையில் அடித்தளத்தில் தீ. வண்டி நிறுத்த வேண்டிய இடத்தில் எரியக்கூடிய பொருட்களைக் குவித்து வைத்திருந்தார்கள். புகை மேலே ஏறி வார்டுகளுக்குள் புகுந்தது. மூடிய கண்ணாடி முகப்பு என்பதால் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது. தொண்ணூறு பேர் அளவில் இறந்தார்கள், பெரும்பாலோர் எழுந்து ஓட முடியாத நோயாளிகள். மூச்சுத் திணறித்தான்.

நீங்கள் மாணவி என்பதால் இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். தீ பிடித்த இடத்திலிருந்து புகை பயணப்படப் பயணப்பட ஆறிவிடும். மூன்று மாடி தள்ளி வரும்போது அது லிங்க்கை உருக்கும் சூட்டில் இருக்காது, ஆனால் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு அதில் அப்படியே இருக்கும். அதனால்தான் லிங்க் மட்டும் உள்ள ஃபயர் டேம்பர் புகையைத் தடுக்கப் போதாது. ஸ்மோக் டேம்பர் என்று தனியாக ஒன்று வேண்டியிருக்கிறது. அது சூட்டுக்குக் காத்திராமல் புகை உணர்வியின் கட்டளைக்கு மூடும். அதன் விளிம்புகளில் புகை கசியாதபடி சீல் இருக்கும். ஃபயர் டேம்பருக்கு யு.எல். 555 என்ற தரம், ஸ்மோக் டேம்பருக்கு யு.எல். 555எஸ். இரண்டையும் ஒரே சட்டத்தில் சேர்த்த கூட்டு டேம்பரும் உண்டு. புதுக் கட்டடம் என்றால் அதையே போடச் சொல்வேன்.

அண்ணே, நான் ஏ.சி. டெக்னீஷியன். எங்கள் சூப்பர்வைசர் ஃபியூசிபிள் லிங்க்கை லைட்டரால் சுட்டு டெஸ்ட் பண்ணச் சொல்கிறார். அது சரியா? சரியான முறை என்ன?
– ஒரு வாசகர், பல்லாவரம், சென்னை

லைட்டர் வேண்டாம் தம்பி. லிங்க் உருகுமா என்பதைத் தயாரித்தவர் பட்டறையிலேயே சோதித்துத்தான் அனுப்புகிறார். நீங்கள் பார்க்க வேண்டியது, லிங்க் விட்டால் தகடுகள் விழுகின்றனவா என்பதை. அதோடு டக்டுக்குள் தூசியும் இன்சுலேஷனும் இருக்கும்போது நெருப்பை உள்ளே கொண்டுபோவது, தீயைத் தடுக்க வந்த இடத்தில் தீ வைக்கிற வேலை.

முதலில் ஃபயர் கன்ட்ரோல் ரூமுக்கும் செக்யூரிட்டிக்கும் சொல்லிவிடுங்கள், இன்ன மாடியில் இன்ன நேரத்தில் வேலை என்று. அப்புறம் ஏ.எச்.யு.வை நிறுத்துங்கள், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டுங்கள். இதை யாரும் விட்டுவிடக் கூடாது. பெரிய ஃபேன் ஓடும்போது ரிட்டர்ன் டக்டின் டேம்பர் சட்டென்று விழுந்தால், உறிஞ்சலில் டக்டே உள்ளே மடங்கிவிடும். அப்படி நசுங்கிய டக்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நாலடி அகலத் தகடு நடுவில் குழிந்து, ஃபிளாஞ்ச் போல்ட்டுகள் பிய்ந்து தொங்கின.

இனி ஏணியில் ஏறுங்கள், ஒருவர் கீழே பிடித்திருக்கட்டும். இன்ஸ்பெக்‌ஷன் கதவைத் திறந்ததும் எதையும் தொடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு போட்டோ எடுங்கள். சட்டத்தின் பள்ளத்தில் தூசி கெட்டிப்பட்டிருக்கிறதா? துரு உண்டா? மகாபலிபுரம் சாலைப் பக்கம், கடற்காற்றை உள்ளே இழுக்கும் கட்டடங்களில் தகடுகள் ஒன்றோடொன்று துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். டக்ட் மாட்டியவர் அடித்த ஸ்க்ரூ, சட்டத்தைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று நான்கு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். ஒற்றை ஸ்க்ரூ போதும், தகடு பாதியில் நின்றுவிடும். லிங்க்கின் மேல் பெயின்ட் பூச்சு இருக்கிறதா? அதற்குப் பதிலாகவோ அதற்குத் துணையாகவோ கட்டுக்கம்பி சுற்றியிருக்கிறதா? அனுப்பும்போது தகடு ஆடாமல் இருக்கக் கட்டிய கம்பியை வெட்டாமலே மாட்டிவிட்டுப் போன கட்டடங்கள் நிறைய. அந்த டேம்பர் மாட்டிய நாளிலிருந்தே செத்த டேம்பர்.

இப்போது தகடுக் கட்டைத் தாங்கியிருக்கும் பட்டையை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் லிங்க்கைக் கொக்கியிலிருந்து கழற்றுங்கள். கழன்றதும் இரண்டு கையையும் வெளியே எடுங்கள். பட்டையைக் கையால் பிடித்து மெதுவாக இறக்கக் கூடாது, தானாக விழ வேண்டும். அதுதான் சோதனை. தகடுகள் எடையோடு விழும், தரைக்குப் படுக்கையாக மாட்டியதில் ஸ்பிரிங் இழுக்கும். விரல் நடுவில் இருந்தால் எலும்பு முறியும். நீளமான கொக்கிக் கம்பி ஒன்று செய்து வைத்துக்கொண்டால் கையை விடவே தேவையில்லை. நல்ல டேம்பர் ‘சடார்’ என்று ஒரே மூச்சில் விழும். ‘கர்ர்’ என்று தயங்கித் தயங்கி இறங்கினால் பள்ளத்தில் ஏதோ இருக்கிறது. சுத்தம் செய்து, தயாரிப்பாளர் அனுமதித்த உலர் மசகு மட்டும் போட்டு, மறுபடி விடுங்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள், ஊற்றினால் அடுத்த மாதமே தூசி பசையாகிவிடும்.

முழுதாக மூடியதா என்று கீழ் விளிம்பைப் பாருங்கள். பூட்டுக் கொக்கி உள்ள வகை என்றால் அது விழுந்து பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டோ எடுங்கள். அப்புறம் தகடுகளை மேலே மடித்து, லிங்க்கை மாட்டி, திறந்த நிலையில் இன்னொரு போட்டோ. இந்தக் கடைசிப் போட்டோ மிக முக்கியம். சோதனை முடிந்து திறக்க மறந்துபோன டேம்பரால் ஒரு வார்டே காற்றில்லாமல் தவிக்கும். யாராவது புகார் செய்யும்வரை தெரியாது. தெரியும்போது வேறொரு மெக்கானிக் வந்து, “இந்தச் சனியனால்தான் தொல்லை” என்று கம்பி போட்டு நிரந்தரமாகக் கட்டிவிட்டுப் போய்விடுவார். கட்டிய டேம்பர்களில் பல இப்படித்தான் கட்டப்படுகின்றன.

எங்கள் ஐ.டி. கட்டடத்தில் 64 மோட்டார் டேம்பர்கள். பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருக்கும் ஏ.எம்.சி. கம்பெனி ஒரே நாளில் டெஸ்ட் முடித்து, எல்லாம் ‘ஓகே’ என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிட்டது. பேனலிலும் எல்லாம் மூடியதாகக் காட்டியது என்கிறார்கள். நான் கையெழுத்துப் போடலாமா? எத்தனை வருடத்துக்கு ஒருமுறை டெஸ்ட் செய்ய வேண்டும் என்பதிலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– ஃபெசிலிட்டி மேனேஜர், கோவை

கையெழுத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள் அம்மா. ஏணி போட்டு, சீலிங் திறந்து, கதவைக் கழற்றி, மூடித் திறந்து, போட்டோ எடுத்து, எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு இறங்க ஒரு டேம்பருக்கு அரை மணி நேரமாவது ஆகும். எட்ட வசதியான இடத்தில் இருந்தால் இருபது நிமிடம். அப்படியென்றால் இரண்டு பேர் கொண்ட ஒரு குழு ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது செய்தால் அது நல்ல வேகம். 64-ஐ ஒரே நாளில் முடித்தார்கள் என்றால் எத்தனை குழு வந்தது என்று வாசல் கேட்டின் என்ட்ரி ரிஜிஸ்டரில் பாருங்கள்.

அவர்கள் செய்திருக்கக்கூடியது இதுதான்: பேனலிலிருந்து சிக்னல் கொடுத்திருப்பார்கள், ஆக்சுவேட்டர் சுழன்றிருக்கும், திரையில் ‘குளோஸ்டு’ என்று வந்திருக்கும். அது தேவையான சோதனைதான், ஆனால் பாதிச் சோதனை. பல டேம்பர்களில் நிலையைச் சொல்லும் ஸ்விட்ச் ஆக்சுவேட்டருக்குள் இருக்கிறது. அது தன் சுழற்சியைத்தான் சொல்கிறது, பிளேடைப் பார்த்துச் சொல்வதில்லை. ஆக்சுவேட்டரைத் தண்டோடு பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால், ஆக்சுவேட்டர் தொண்ணூறு டிகிரி சுழலும், தண்டு அசையாது, பிளேடு திறந்தே கிடக்கும். பேனல் மட்டும் ‘மூடியாயிற்று’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். கிளாம்ப்பிலிருந்து தண்டின் முனை வரை மார்க்கர் பேனாவால் ஒரே கோடாக இழுத்து வையுங்கள். அடுத்த முறை கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் நழுவியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கம்பெனியைக் கூப்பிட்டு, நீங்கள் கைகாட்டும் டேம்பர்களை உங்கள் கண்முன்னே மூடிக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் வசதிக்கு ஏ.எச்.யு. அறையில் எட்டும் உயரத்தில் இருப்பதைக் காட்டுவார்கள், அதை ஏற்காதீர்கள். கேபிள் டிரேக்கும் ஸ்ப்ரிங்ளர் குழாய்க்கும் பின்னால் ஒளிந்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்ததும் ஸ்பிரிங்கின் பலத்திலேயே மூட வேண்டும், மறுபடி மின்சாரம் கொடுத்ததும் முழுதாகத் திறக்க வேண்டும். இரண்டையும் இன்ஸ்பெக்‌ஷன் கதவு வழியாகக் கண்ணால் பாருங்கள். சில ஆக்சுவேட்டர்களில் 72 டிகிரி சூட்டு உணர்வியும் அதைச் சோதிக்க ஒரு பட்டனும் இருக்கும், அதையும் அழுத்தச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு மாடியிலாவது முழுச் சங்கிலியைச் சோதியுங்கள். டக்டில் உள்ள ஸ்மோக் டிடெக்டருக்குச் சோதனைப் புகை காட்டினால் டேம்பர் மூட வேண்டும், அதே நேரத்தில் ஏ.எச்.யு. நிற்க வேண்டும். டேம்பர் மூடும்போதே ஃபேன் நிற்க வேண்டும் என்று நம் விதித்தொகுப்பும் சொல்கிறது.

கால இடைவெளியில் ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், ஆளுக்கொரு நாட்டின் விதியைப் படிப்பதுதான். அமெரிக்காவின் தீப்பாதுகாப்புத் தரமான என்.எஃப்.பி.ஏ. 80, மாட்டி முடித்ததும் ஒரு சோதனை, ஒரு வருடம் கழித்து ஒன்று, அதன்பின் நான்கு வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. மருத்துவமனைகளுக்கு ஆறு வருடம். ஸ்மோக் டேம்பருக்கான என்.எஃப்.பி.ஏ. 105-லும் இதே இடைவெளிதான். பிரிட்டனின் பி.எஸ். 9999 வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. நான் பிரிட்டன் பக்கம்தான். நான்கு வருடத்தில் நம் கட்டடங்களில் வாடகைதாரர் மாறிவிடுவார், இன்டீரியர் மாறிவிடும், யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் கேபிளை டேம்பர் கதவுக்குக் குறுக்கே இழுத்துவிட்டுப் போயிருப்பார். வருடத்துக்கு ஒருமுறை 64-ஐயும் கையால் பார்க்க பட்ஜெட் இல்லை என்றால், மின்சாரச் சோதனையை எல்லாவற்றுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வையுங்கள், கண்ணால் பார்ப்பதை மாடி மாடியாகப் பிரித்து வருடம் முழுக்கப் பரப்புங்கள்.

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு டேம்பருக்கும் எண், இடம், தேதி, பார்த்தவர் பெயர், கண்ட குறை இருக்க வேண்டும். குறை எப்போது எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதற்கு ஒரு காலியிடமும் வேண்டும். 64 டேம்பரில் ஒன்றில்கூடக் குறை இல்லாத ரிப்போர்ட்டை நான் இதுவரை நம்பியதில்லை.

எங்கள் மில்லில், காற்றை ஈரப்படுத்தும் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் ரிட்டர்ன் வழியில் டேம்பர் வைத்திருக்கிறோம். மேஸ்திரி “பஞ்சு அடைக்கிறது, எடுத்துவிடலாம்” என்கிறார்.
– ஒரு வாசகர், பல்லடம்

எடுக்கவே கூடாது. பஞ்சு இருப்பதால்தான் அந்த டேம்பர் அங்கே அதிகமாகத் தேவை. மில்லில் தீ எப்படி ஓடும் என்பது உங்களுக்கே தெரியும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமில் ஓர் இரும்புத் துண்டு உரசிக் கிளம்பும் பொறி, காற்றோடு போகும் பஞ்சில் பற்றி, கண்மூடித் திறப்பதற்குள் தரையடிக் கால்வாயான டிரெஞ்ச் வழியே ஃபில்டர் வரை போய்விடும்.

ஆனால் மேஸ்திரி சொல்லும் தொல்லையும் உண்மை. பஞ்சுத் தூசி சட்டத்தின் பள்ளத்தில் இறங்கி, ஈரப்பதத்தில் ஃபெல்ட் துணி மாதிரி இறுகிவிடும். அந்த இடத்துக்குத் திரை வகை பொருந்தாது. அடுத்த முறை மாற்றும்போது பிளேடு வகை மோட்டார் டேம்பர் போடுங்கள். அதுவரை ஃபில்டர் சுத்தம் செய்யும் நாளிலேயே டேம்பரையும் சுத்தம் செய்து ஒருமுறை மூடித் திறப்பதை வழக்கமாக்குங்கள். தூசி மிகுந்த இடத்தில் ஆண்டுக் கணக்கெல்லாம் செல்லாது, மாதக் கணக்குத்தான். காற்று அழுத்தத்தால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டாம். தூசி கிளம்பி வேறெங்கோ போய்ப் படியும். வேக்குவம் வையுங்கள்.

எங்கள் அடுக்ககத்தில் சென்ட்ரல் ஏ.சி. கிடையாது. அடித்தள பார்க்கிங்கில் பெரிய ஃபேனும் டக்டும் மட்டும் உண்டு. நாங்களும் டேம்பர் டெஸ்ட் செய்ய வேண்டுமா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், பெரும்பாக்கம்

வேண்டும். அதோடு, உங்கள் கதை தலைகீழ். அங்கே இருப்பது புகையை வெளியே இழுக்கும் அமைப்பு. தீப்பிடித்த பகுதியின் டேம்பர் திறக்க வேண்டும், மற்றப் பகுதிகளுடையது மூடியிருக்க வேண்டும், ஃபேன் முழு வேகத்தில் ஓட வேண்டும். மேலே சொன்ன ஏ.சி. முறைப்படி யாராவது வந்து எல்லாவற்றையும் ‘மூடுகிறது, ஓகே’ என்று எழுதிக் கொடுத்தால் அது தவறான சோதனை. எந்தப் பகுதியில் டிடெக்டர் அடித்தால் எது திறக்கும், எது மூடும், எந்த ஃபேன் ஓடும் என்று ஓர் அட்டவணையைக் கட்டுநரிடம் கேட்டு வாங்குங்கள். அதை ஃபயர் பேனல் பக்கத்தில் ஒட்டி, பகுதி பகுதியாக ஓட்டிப் பாருங்கள். ஜெனரேட்டரில் ஓடும்போதும் ஒருமுறை பாருங்கள். தீ நேரத்தில் மெயின் மின்சாரம் இருக்கும் என்று எண்ணக் கூடாது.

டேம்பர் சுவருக்குள் இருக்க வேண்டும் என்கிறீர்கள். எங்கள் சைட்டில் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி டக்டில் மாட்டியிருக்கிறார்கள். சுற்றி ஃபோம் அடித்து மூடியாயிற்று. பரவாயில்லையா?
– சைட் இன்ஜினியர், ஓசூர்

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. தீயில் டக்ட் வளைந்து தொங்கி அறுந்து விழும். அப்போதும் டேம்பர் மட்டும் சுவரிலேயே நிற்க வேண்டும். அதற்காகத்தான் சுவருக்குள் ஒரு கனமான தகட்டு உறை, இரு பக்கமும் ஆங்கிள், டக்டோடு சேரும் இடத்தில் எளிதில் விட்டுப்போகும் இணைப்பு என்று வைக்கிறார்கள். இரண்டடி தள்ளி இருந்தால் டக்ட் விழும்போது டேம்பரும் கூடவே விழும், சுவரில் ஓட்டை மட்டும் மிஞ்சும். சாதாரண ஃபோமோ, தானே எரியும் பொருள். டேம்பரோடு வந்த தயாரிப்பாளரின் பொருத்தும் படத்தை எடுத்து, அதன்படி மாற்றச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன் சொன்னால் ஒரு நாள் வேலை. மூடிய பிறகு சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள்.

72 டிகிரி லிங்க் கடையில் கிடைக்கவில்லை. வேறு டிகிரி போடலாமா? டெஸ்ட்டுக்குக் கழற்றிய லிங்க்கையே திரும்ப மாட்டலாமா?
– ஒரு வாசகி, ஏ.சி. சர்வீஸ் நடத்துபவர், வேலூர்

கழற்றிய லிங்க் நீளாமல், பெயின்ட் படாமல், துருப்பிடிக்காமல் நன்றாக இருந்தால் திரும்ப மாட்டலாம். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் புதிது போடுங்கள், விலை பெரிதில்லை. டிகிரியை நீங்களாக மாற்றக் கூடாது. ஹீட்டர் உள்ள டக்டுக்கும் சமையலறை அருகே போகும் டக்டுக்கும் வடிவமைத்தவரே அதிக டிகிரி கொடுத்திருக்கலாம், அதை 72-ஆக்கினால் தேவையில்லாமல் விழும். மற்ற இடங்களில் அதிக டிகிரி போட்டால் விழ வேண்டிய நேரத்தில் விழாது. கழற்றிய லிங்க்கிலேயே டிகிரியும் எவ்வளவு எடை தாங்கும் என்பதும் பொறித்திருக்கும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். டேம்பர் தயாரிப்பாளரிடமிருந்தே மொத்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்று லிங்க் கையில் இல்லாத நாளில் எந்த டேம்பரையும் திறக்காதீர்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் கட்டுக்கம்பிதான் வரும்.